பென்சில் கோடு போட்ட சுவர்

வீடு பார்க்கப் போன அன்று நாங்கள் வீட்டைப் பார்க்கவே இல்லை. பின்பக்கம் ஓடை. ஓடையைத் தாண்டிச் சரிவு முழுக்க மரம். அந்த மரங்களுக்கு நடுவே ஓடு சரிந்த ஒரு பழைய கட்டடம், அதை ஒட்டி ஒரு காலத்தில் கிடங்காக இருந்திருக்கக்கூடிய ஒரு நீளக் கூடம். நான் ஓவியம் வரைகிறவள். கணவர் மரப்பலகையில் செதுக்கித் தாளில் அச்செடுப்பவர். அந்தக் கூடத்துக்குள் தலையை விட்டதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஸ்டூடியோ" என்றோம். யோசனை அதோடு முடிந்துவிட்டது. சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கறை ஓடியிருந்தது. கண்ணில் பட்டது, ஆனால் உறைக்கவில்லை. பச்சையும் காவியும் கலந்து என்ன அழகாக இருக்கிறது என்று கணவர் அதை போட்டோ வேறு எடுத்தார்.

அந்த அழகைச் சரிசெய்ய எங்களுக்கு மூன்று மழைக்காலம் பிடித்தது.

இப்போது எங்களைப் பார்க்க வருகிற நண்பர்கள், முக்கியமாக வரைகிறவர்கள், ஓடைப் பக்கம் நின்று பெருமூச்சு விட்டுவிட்டு, "எங்களுக்கும் இப்படி ஒன்று வேண்டும், எங்கே ஆரம்பிப்பது?" என்று கேட்கிறார்கள். நான் சொல்கிற பதில் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. வாங்கிய பிறகு ஒரு மழைக்காலம், ஒரு வெயில்காலம் முழுக்க எதையும் இடிக்காமல், எதற்கும் வண்ணம் அடிக்காமல் அங்கே சும்மா இருங்கள் என்பேன். ஒழுகினால் வாளி வையுங்கள். தண்ணீர் எங்கே வருகிறது, எங்கே நிற்கிறது, வெளிச்சம் எந்த மாதத்தில் எந்தச் சுவரில் விழுகிறது என்று குறித்து வையுங்கள். நாங்கள் இதைச் செய்யவில்லை. குடிவந்த மூன்றாம் வாரமே ஸ்டூடியோ சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டோம். ஈரம் தடுக்கும் பெயிண்ட் இரண்டு கோட்டு அடித்தால் கறை போய்விடும் என்று ஒருவர் சொன்னார், நம்பினோம். முதல் மழை முடிவதற்குள் அந்த பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. விரலால் அழுத்தினால் உள்ளிருந்து தண்ணீர் கசிந்தது.

அப்புறம்தான் ஒரு வயதான மேஸ்திரி வந்து பார்த்தார். பேசவில்லை. கரணையின் பிடியால் சுவரைக் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே போனார். சில இடத்தில் 'டொக்' என்றது, சில இடத்தில் 'பொத்' என்றது. பொத்தென்ற இடத்தில் கரணையைச் செருகித் திருகினார். சிமெண்ட் பூச்சு ஒரு முறம் அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே கல்லும் சுண்ணாம்புக் காரையும் நனைந்த ரஸ்க் மாதிரி இருந்தன.

"இது ஈரத்தக் குடிச்சுட்டுத் துப்புற சுவரும்மா. மூஞ்சில சிமெண்ட அப்பி வச்சா எங்க துப்பும்?" என்றார்.

விஷயம் அவ்வளவுதான். பழைய கல், செங்கல், மண் சுவர்கள் அடியிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அது தடுக்க முடியாதது. சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் உண்டு, உறிஞ்சிய ஈரம் அதன் வழியாக ஆவியாகிப் போய்விடும். எங்களுக்கு முன்னால் இருந்த யாரோ, சுவர் உறுதியாகட்டும் என்று நல்லெண்ணத்தோடு சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். ஆவியாக வழி இல்லாததால் ஈரம் சுவருக்குள்ளேயே மேலே ஏறி இடுப்பு வரை வந்திருக்கிறது. தண்ணீரோடு மண்ணின் உப்பும் ஏறும். தண்ணீர் காய்கிற இடத்தில் உப்பு படிகமாகி, பூச்சைப் பெயர்த்துத் தள்ளும். சுவரில் வெள்ளையாகப் பூத்து நிற்கும் அந்தப் பொடி பூஞ்சை என்று நினைத்து நான் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். அது உப்பு. ஈரத்துணியால் துடைத்தால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். உலர்ந்த தூரிகையால் தட்டி, கீழே விழுவதைக் கூட்டி அள்ள வேண்டும்.

சரி, சிமெண்டைப் பெயர்த்துவிட்டுச் சுண்ணாம்பு பூசிவிடலாம் என்று கிளம்பினோம். மேஸ்திரி தடுத்தார். முதலில் வெளியே போய் மண்ணைப் பார்க்கச் சொன்னார். சரிவில் இருக்கிற வீடு. பல வருட இலைச் சருகும் மழையில் அரித்து வந்த மண்ணும் மேற்குச் சுவருக்கு வெளியே சேர்ந்து சேர்ந்து, வீட்டுத் தரையைவிட ஒரு சாண் உயரத்துக்கு நின்றது. அதாவது, எங்கள் சுவரின் அடிப்பகுதி மண்ணுக்குள் நின்றுகொண்டிருந்தது. அதை வெட்டி எடுத்து, வெளித்தரையை உள்தரையைவிட அரை அடியாவது கீழே இறக்கினோம். சுவரை விட்டு ஒன்றரை அடி தள்ளி ஒரு பள்ளம் தோண்டிச் சல்லிக் கல் போட்டு, தண்ணீர் ஓடைப் பக்கம் வழிந்து போகும்படி சாய்வு கொடுத்தோம். இதில் ஓர் எச்சரிக்கை: பழைய வீடுகளுக்கு அஸ்திவாரம் நாம் நினைக்கிற ஆழத்தில் இருக்காது. சுவரை ஒட்டி ஆழமாகத் தோண்டினால் சுவரே சரியும். ஒரு மூலையில் சின்னதாகத் தோண்டிப் பார்த்து, அஸ்திவாரம் எங்கே முடிகிறது என்று தெரிந்துகொண்ட பிறகே மேற்கொண்டு போக வேண்டும்.

கூரை விளிம்பில் தகர வாய்க்கால் வைத்து மழைநீரைப் பிடிக்கலாம் என்பது என் யோசனை. மரங்களுக்கு அடியில் இருக்கும் வீட்டுக்கு அது சரிவராது. ஒரு வாரம் சும்மா விட்டால் இலை அடைத்துக்கொண்டு, தண்ணீர் வாய்க்காலைத் தாண்டி நேராகச் சுவர் மேலேயே கொட்டுகிறது. கடைசியில் வாய்க்காலைக் கழற்றிவிட்டு, கைமரங்களை நீட்டிக் கூரையை இரண்டரை அடி வெளியே இழுத்தோம். தண்ணீர் விழுகிற கோட்டில் சல்லி பரப்பினோம். அடைக்க எதுவும் இல்லை, சுத்தம் செய்யவும் எதுவும் இல்லை. எங்கள் வீட்டு வேலைகளில் நான் இன்றுவரை வருத்தப்படாத ஒரே செலவு அதுதான்.

சிமெண்டைப் பெயர்த்த சுவரை ஒரு வெயில்காலம் முழுக்கத் திறந்தே போட்டோம். பார்க்கச் சகிக்காது. ஆனால் காய வேண்டும். எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது என்பதால், கணவர் ஒரு வேலை செய்தார். கறையின் மேல் விளிம்பை ஒட்டிச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு இழுத்துத் தேதி போட்டார். பதினைந்து நாளுக்கு ஒரு முறை மறுபடி. தேசப்படத்தில் மலை உயரத்துக்குக் கோடு போடுவார்களே, அது மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாக இறங்கிக்கொண்டே வந்தன கோடுகள். ஈரம் குறைகிறதா, கூடுகிறதா என்பதற்கு இதைவிட நம்பகமான, காசில்லாத கருவி எனக்குத் தெரியாது. வாடகை வீட்டில் இருப்பவர்கள்கூடச் செய்து பார்க்கலாம்.

சுண்ணாம்பைப் பற்றி இரண்டு வார்த்தை. அது சிமெண்ட் மாதிரி ஒரே நாளில் இறுகிவிடாது. காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மெல்ல மெல்லத் திரும்பக் கல்லாகும். அதற்கு ஈரமும் அவகாசமும் வேண்டும். வெயில் பட்டுச் சீக்கிரம் உலர்ந்தால் வெடிப்பு விடும், அதனால் நனைந்த சாக்குத் தொங்கவிட்டோம். மெல்லியதாக ஒரு பூச்சு, அது நிற்கும் வரை காத்திருப்பு, அடுத்த பூச்சு. கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து, கண்ணாடி போடாமல் யாரையும் தொடவிடக் கூடாது. கடைசியில் மேலே அடிப்பதும் சுண்ணாம்பாகவே இருக்க வேண்டும். இவ்வளவும் செய்துவிட்டுப் பளபளவென்று பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் மறுபடி பழைய கதைதான்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது நான் ஒரு படமும் வரையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பதினான்கு மாதம். கைக்கு அடக்கமான குறிப்பேட்டில் பென்சில் கிறுக்கல்கள் மட்டும். அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓகீஃப் 1945-இல் நியூ மெக்சிகோவின் அபிகியூ என்ற ஊரில் இடிந்து கிடந்த ஒரு மண் வீட்டை வாங்கினார். முற்றத்துச் சுவரில் இருந்த ஒரு கதவுதான் அவரை அந்த வீட்டின் பக்கம் இழுத்தது. பிற்பாடு அந்தக் கதவையே திரும்பத் திரும்ப வரைந்தார். அந்தக் கதையைத்தான் எல்லாரும் ரசித்துச் சொல்வார்கள். வீட்டைச் சீரமைக்க ஏறக்குறைய நான்கு வருடம் ஆனது என்பதையும், கூடவே நின்று அந்த வேலையை நடத்தியவர் மரியா சாபோட் என்ற தோழி என்பதையும் யாரும் சொல்வதில்லை. எங்களுக்கு அப்படி ஒருவர் இல்லை. மேஸ்திரி வருகிற நாளில் நான் மணல் அளந்துகொண்டிருப்பேன், கணவர் ஓடு கழுவிக்கொண்டிருப்பார். கலைஞர்கள் தாங்களே வீட்டைச் சீரமைப்பதில் ஒரு கவர்ச்சி இருக்கிறது. ஆனால் அது தொழிலை அப்படியே விழுங்கும். இப்போது செய்வதாக இருந்தால், முதல் வேலையாக ஒரு அறையை, ஒழுகாத ஒரே ஒரு அறையை, எப்படியாவது வரைய லாயக்காக்கிக்கொண்டு, மீதி வீட்டை அப்புறம் தொடுவேன்.

இனி வெளிச்சம்.

ஓவியர்களின் ஸ்டூடியோவுக்கு வடக்கு சன்னல்தான் வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். நேர்வெயில் வராது, நாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம். நானும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, வடக்குச் சுவரை ஆறடி அகலத்துக்குத் திறந்து கண்ணாடி போட்டேன். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, வெயில்காலம் வரும் வரை. ஒரு நாள் நண்பகலில் பார்த்தால் சன்னலின் அடிக்கட்டையில் வெயில். நான்கு வாரத்தில் அது தரையில் இறங்கி, கேன்வாஸைத் தாங்கி நிற்கிற ஈசலின் கால் வரை வந்துவிட்டது. வடக்கிலிருந்து வெயிலா? யோசித்தால் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. வடக்கு சன்னல் என்ற விதி ஐரோப்பா போல கடக ரேகைக்கு நன்றாக வடக்கே இருக்கும் இடங்களில் பிறந்தது. அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்தே இருக்கும். கடக ரேகைக்கும் நிலநடுக்கோட்டுக்கும் இடைப்பட்ட இடங்களில் வருடத்தில் சில வாரமோ சில மாதமோ, நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடும். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே போனால் விதியே தலைகீழ், அங்கே தெற்கு சன்னல்தான் தேட வேண்டும். ஆக, உங்கள் இடம் பூமியில் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் சுவரை உடைக்காதீர்கள். நான் சன்னலுக்கு மேலே ஒரு மறைப்புச் சாய்ப்பை நீட்டித் தப்பித்தேன்.

கூரையில் நான்கு கண்ணாடி ஓடு பதித்தது இன்னொரு கூத்து. மேலிருந்து வெளிச்சம் கொட்டும் என்று ஆசைப்பட்டேன். கொட்டியது. ஆனால் ஒவ்வொரு கண்ணாடி ஓடும் தரையில் ஒரு பளீர்க் கட்டத்தைப் போட்டது. அந்தக் கட்டம் காலையிலிருந்து மாலை வரை அறைக்குள் நடந்தது. பத்தரை மணிக்கு என் கேன்வாஸின் இடது மூலையில் ஏறும், பதினொன்றரைக்கு வலது பக்கம் இறங்கும். அந்த ஒரு மணி நேரம் எந்த நிறமும் அதன் நிறமாக இருக்காது. கண்ணாடி ஓட்டின் உட்பக்கம் பால்நிற டிரேசிங் தாளை ஒட்டிய பிறகு கட்டம் கரைந்து மெத்தென்ற வெளிச்சமானது. தாள் ஒரு வருடத்தில் மஞ்சளாகிவிடும், மாற்ற வேண்டும்.

ஆனால் இந்த இரண்டும் கண்ணுக்குத் தெரிந்த தப்புகள். தெரியாமல் நடந்தது மூன்றாவது.

ஸ்டூடியோவில் வரைந்த முதல் வரிசைப் படங்கள், எல்லாம் முகங்கள், பதினொரு கேன்வாஸ். எனக்கே திருப்தியாக இருந்தது. நகரத்தில் ஒரு கூடத்தில் மாட்டினோம். மாட்டிவிட்டு நான்கடி பின்னால் வந்து பார்த்தால், பதினொரு பேரும் வெயிலில் ஓடிவிட்டு வந்தவர்கள் மாதிரி சிவந்திருந்தார்கள். கன்னம், நெற்றி, கழுத்து எல்லாம் ரோஜா. விளக்குதான் கோளாறு என்று கூடத்துக்காரரிடம் சண்டைக்குப் போகாத குறை. அவர் ஒரு படத்தை எடுத்துப்போய் வாசலில் வானத்து வெளிச்சத்தில் சாய்த்து வைத்தார். அங்கேயும் ரோஜாதான்.

வீட்டுக்கு வந்து ஸ்டூடியோவில் ஒரு வெள்ளைத் தாளை ஈசலில் வைத்து, இன்னொரு வெள்ளைத் தாளை ஓடைக்கரையில் திறந்தவெளியில் வைத்து இரண்டையும் போட்டோ எடுத்தேன், கேமரா நிறத்தைத் தானாகத் திருத்திவிடாதபடி அதன் வெள்ளைச் சமன் அமைப்பை மாறாமல் நிறுத்திவிட்டு. ஸ்டூடியோவின் தாள் பச்சை. வெளிர்பச்சைகூட இல்லை, நன்றாகவே பச்சை. எந்த மரங்களுக்காக அந்த வீட்டை வாங்கினோமோ, அந்த மரங்களின் இலைகளில் பட்டுத் திரும்பிய வெளிச்சம்தான் சன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. கண் அதற்குப் பழகிவிடும். தாள் வெள்ளை என்றே மூளை சொல்லும். ஆனால் பச்சை வெளிச்சத்தில் சிவப்பு மங்கித் தெரியும், நாம் தெரியாமலேயே இன்னும் கொஞ்சம் சிவப்பைச் சேர்ப்போம். பதினொரு முகத்திலும் அதைத்தான் செய்திருக்கிறேன்.

மரத்தை வெட்ட மனசு வரவில்லை. வெட்டவும் தேவையில்லை. சன்னலின் கீழ்ப்பாதிதான் இலைகளைப் பார்க்கிறது, மேல்பாதி வானத்தைப் பார்க்கிறது. கீழ்ப்பாதிக்குச் சாம்பல் நிறத் திரை போட்டேன், வரையும்போது மட்டும். எதிர்ச்சுவரை மங்கிய சாம்பலாக்கினேன். சாயங்காலத்துக்கும் மழை மூட்டத்துக்கும் 5000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு) விளக்குகள், சிஆர்ஐ எண் 90-க்கு மேல் உள்ளவை. இந்த சிஆர்ஐ, ஒரு விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு 100-ஐ உச்சமாக வைத்த அளவு. பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும், பலர் வாட்டை மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். இப்போதும் ஒரு படத்தை முடித்ததாகச் சொல்வதற்கு முன், ஓடைக்கரைக்குத் தூக்கிப்போய்த் திறந்த வானத்தின் கீழ் ஒரு முறை பார்த்துவிடுகிறேன்.

தூக்கிப்போவதா? அதற்கு வாசல் வேண்டுமே. ஆறடிக்கு ஏழடி கேன்வாஸ் ஒன்றை ஸ்டூடியோவுக்குள்ளேயே சட்டம் அடித்து வரைந்து முடித்த பிறகுதான், கதவு மூன்றடி அகலம், ஆறே கால் அடி உயரம் என்று எங்களுக்கு உறைத்தது. சாய்த்துப் பார்த்தோம், மூலைவிட்டமாகத் திருப்பிப் பார்த்தோம். படத்தின் ஒரு முனை வாசலைத் தாண்டும்போது மறுமுனை உள்ளே சுவரில் முட்டியது. கடைசியில் ஆணி பிடுங்கி, சுருட்டித்தான் வெளியே கொண்டு போனோம். சுருட்டியதில் ஒரு இடத்தில் வண்ணம் வெடித்தது. பிரெஞ்சு ஓவியர் செசான் 1902-இல் தெற்கு பிரான்சின் எக்ஸ் நகருக்கு வெளியே லெ லோவ் குன்றில் தனக்கென்று ஸ்டூடியோ கட்டியபோது, பெரிய சன்னலுக்குப் பக்கத்தில் சுவரில் உயரமாகவும் ஒடுக்கமாகவும் ஒரு பிளவு விட்டுக் கட்டினார். குளிப்பவர்களை வரைந்த அந்தப் பெரிய கேன்வாஸ்களை அதன் வழியாக வெளியே தள்ளி எடுக்கலாம். 1906-இல் இறக்கும் வரை அங்கேதான் வரைந்தார். எத்தனையோ முறை அந்த ஸ்டூடியோவின் படங்களைப் புத்தகத்தில் பார்த்தவள் நான். பிளவைக் கவனிக்க என் படத்தில் வண்ணம் வெடிக்க வேண்டியிருந்தது. இப்போது எங்கள் வடக்குச் சுவரின் மூலையிலும் ஒன்பதடி உயரத்துக்கு, ஒரு அடி அகலத்தில், மரக்கதவு போட்ட ஒரு பிளவு இருக்கிறது. பார்க்கிறவர்கள் மின்சாரப் பெட்டி என்று நினைக்கிறார்கள்.

பூச்சிகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நம் மொழியில் ஓவியச் சட்டத்தைத் தாங்குகிற அதற்கும் ஈசல், மழைக்குப் பறக்கிற இதற்கும் ஈசல். முதல் மழை விட்ட சாயங்காலம் விளக்குப் போட்டுக்கொண்டு வரைந்துகொண்டிருந்தேன். சன்னலைத் திறந்து வைத்திருந்தேன், மண்வாசனைக்காக. அரை மணி நேரத்தில் ஈசலில் ஈசல். ஈரமான எண்ணெய் வண்ணத்தில் நூற்றுக்கணக்கில் வந்து ஒட்டிக்கொண்டு சிறகடித்தன. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தேன், சிறகுகள் மட்டும் வண்ணத்திலேயே தங்கிவிட்டன. படத்தின் வானத்தில் இப்போதும் நாலைந்து சிறகு இருக்கிறது. அதை வாங்கியவருக்குத் தெரியும், சொல்லித்தான் கொடுத்தேன்.

இதில் படிக்க வேண்டியது வேறு. ஈசல் என்பது சிறகு முளைத்த கரையான். வெளிச்சத்துக்கு வெளியிலிருந்து வந்தால் சன்னல் வலை போதும், முதல் மழைச் சாயங்காலங்களில் விளக்கை அணைத்துவிட்டால் போதும். ஆனால் சன்னல் எல்லாம் மூடியிருக்கும்போது உதிர்ந்த சிறகுகள் அறைக்குள்ளேயே குவிந்து கிடந்தால், புற்று வீட்டுக்குள் இருக்கிறது என்று அர்த்தம். அச்சுப் பலகைகள் வைத்திருந்த அலமாரிக்குப் பின்னால் எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது. அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி இரும்புக் கால்களில் நிறுத்தினோம். கரையான் ஒளிந்து வர மண்குழாய் கட்டித்தான் ஆக வேண்டும். இடைவெளி விட்டால் அந்தக் குழாய் கண்ணில் படும். வாரம் ஒரு முறை டார்ச் அடித்துப் பார்ப்பது என் வேலை.

குளவியோடு சமாதானமாகிவிட்டோம். தூரிகை போட்டு வைக்கும் மூங்கில் குழாய்க்குள் மண் கூடு கட்டுகிறது, பறந்து போகும் வரை அந்தக் குழாயை எடுப்பதில்லை.

கணவரின் பிரச்சினை தாள். பலவண்ண அச்சு என்றால் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல பலகைகள் விழ வேண்டும், இம்மி பிசகக் கூடாது. மழை பெய்த காலையில் மஞ்சளை அச்சிட்டார், வெயிலடித்த மத்தியானம் நீலத்தை. காலையில் ஈரத்தில் விரிந்திருந்த தாள் மத்தியானம் சுருங்கிவிட்டது. எல்லாப் படத்திலும் இலையின் நீலம் அதன் மஞ்சளை விட்டு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்து நின்றது. பலகை தப்பு என்று இரண்டு நாள் மறுபடி செதுக்கினார், பாவம். இப்போது தாள்களைச் சீராக நனைத்து, அடுக்கி, பிளாஸ்டிக்கில் சுற்றி ஒரு இரவு வைத்துவிட்டு, எல்லா வண்ணத்தையும் ஒரே மூச்சில் எடுக்கிறார். முடிந்த படங்கள் தனி அறையில், வெளிச்சுவரைத் தொடாத அலமாரியில். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டிப் பல நாள் நின்றால் பூஞ்சை வர ஆரம்பிக்கும், 50-ஐ ஒட்டி வைத்திருந்தால் தாளுக்கு நிம்மதி. ஒரு ஈரப்பதமானி வாங்கி வைப்பது எந்த இரசாயனத்தையும்விட உபயோகம்.

ஒரு விஷயத்தில் தப்பித்தோம். ஆளி விதை எண்ணெயில் தூரிகை துடைத்த கந்தல்களை ஒரு பிரம்புக் கூடையில் சுருட்டிப் போட்டு வைப்பது என் வழக்கம். ஒரு மாலை ஏதோ எடுக்கக் கூடைக்குள் கையை விட்டேன். நடுவில் இருந்த துணிப்பந்து சூடாக இருந்தது. அடுப்பு இல்லை, வெயில் இல்லை, சூடு. ஆளி எண்ணெய் காய்வது தண்ணீர் காய்வது மாதிரி இல்லை. அது காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகும், அப்போது வெப்பம் வெளிவரும். விரித்துப் போட்ட துணியில் அந்த வெப்பம் பறந்துவிடும். சுருட்டிய துணியில் உள்ளுக்குள்ளேயே ஏறி ஏறி, தானாகவே பற்றிக்கொள்ளும். சுற்றிலும் காய்ந்த சருகு, மரக்கூரை, டர்பென்டைன் பாட்டில்கள். அன்றிலிருந்து கந்தல்களை வெளியே கொடியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயப் போடுகிறேன். நேரமில்லாத நாளில் தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள தகர டப்பாவில்.

ஓடைக்கு நாங்கள் செய்கிற ஒரே உபகாரம், அதில் எதையும் கொட்டாமல் இருப்பது. அக்ரிலிக் கழுவிய தண்ணீரை வாளியில் ஆவியாக விட்டு, அடியில் தங்குகிற தோலை உரித்துக் குப்பையில் சேர்க்கிறேன். டர்பென்டைனை ஜாடியில் தெளியவிட்டால் மேலே உள்ளதைத் திரும்ப உபயோகிக்கலாம். காட்மியம், கோபால்ட் என்று பெயரிலேயே உலோகம் உள்ள வண்ணங்களுக்கு இன்னும் கவனம் வேண்டும்.

தரையை மட்டும் நாங்கள் தொடவில்லை. வழவழப்பாக ஏதாவது போடலாம் என்று நானும் ஆசைப்பட்டதுண்டு. அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக் தன் கொட்டகை ஸ்டூடியோவின் தரைக்கு 1953-இல் பலகை போட்டு மூடினார். பிற்பாடு அதைப் பெயர்த்துப் பார்த்தபோது, அவருடைய முக்கியமான படங்களிலிருந்து சிந்திய வண்ணமெல்லாம் அடியில் அப்படியே இருந்தது. என் தரையில் சிந்தியிருப்பதை யாரும் பெயர்த்துப் பார்க்கப் போவதில்லை. ஆனால் சிந்தினால் மனசு பதறாத தரையில்தான் எனக்குக் கை ஓடுகிறது. பழைய கல்தளம், அங்கங்கே மேடு பள்ளம். ஈசலின் ஒரு காலுக்கு அடியில் அட்டை மடித்து வைத்திருக்கிறேன்.

மேற்குச் சுவருக்கு வெள்ளை அடிக்கும்போது, ஒரு முழ அகலத்துக்கு மட்டும் அடிக்காமல் விடச் சொல்லிவிட்டார் கணவர். அந்தப் பென்சில் கோடுகள் இருக்கிற இடம். நான்காம் மழைக்காலம் இது. போன வாரம் மூன்று நாள் விடாமல் கொட்டியது, ஓடை நடைபாதைக் கல் வரை ஏறியது. நான்காம் நாள் காலையில் அவர் பென்சிலோடு சுவருக்கு முன்னால் குந்தியிருந்தார். ரொம்ப நேரம் தடவித் தடவிப் பார்த்தார்.

"எங்கே போடட்டும்?" என்றார்.

போன வருடக் கோட்டுக்குக் கீழே, கணுக்கால் உயரத்துக்கும் கீழே, தரையை ஒட்டி ஒரு விரல் அளவுக்கு மட்டும் ஈரம் தெரிந்தது. அங்கே போட்டார். தேதி எழுத இடம் போதாமல் தரைக்கல்லில் எழுதினார்.